அத்தானின் சுடுதண்ணீர்த் தாங்கி

வாகீசன் அத்தான் கால் நூற்றாண்டுக்கு மேலாக மற்றவர்களின் மோட்டார் ஹோம்களைப் பயணத்துக்கு ஆயத்தம் செய்து கொடுத்தார். அவற்றில் ஒன்றிலும் ஓர் இரவுகூட அவர் படுத்ததில்லை.

கனடாவில், விட்பி நகரில் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு பெரிய யார்டில் அவருக்கு வேலை. கட்டிலும் அடுப்பும் குளியலறையும் உள்ளேயே இருக்கிற வாகனங்கள் அங்கே வரிசையாக நிற்கும். பனிக்காலம் வருமுன் அவற்றின் குழாய்களில் இருக்கிற தண்ணீர் முழுவதையும் வடித்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை உள்ளே விடவேண்டும். வசந்தத்தில் அதைக் கழுவி அகற்றவேண்டும். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் தம்பதிகள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வந்து, போன இடத்துக் கதைகளை அத்தானிடம் சொல்வார்கள். அத்தான் அந்தக் கதைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார்.

"கேப் பிரிட்டன் எண்டு ஒரு இடம். றோட்டு மலையிலை ஏறி ஏறிப் போய், ஒரு வளைவிலை திரும்பினால் நேரை கடலுக்குள்ளை விழுற மாதிரி இருக்குமாம்."

"ஆம், ஆம் எண்டு எத்தினை வருசமாச் சொல்லுறியள்," என்பார் அக்கா. "ஒருநாளைக்கு 'இருக்கு' எண்டு சொல்லுங்கோவன்."

பாலேஸ்வரி என் மூத்த அக்கா. நான் கனடாவுக்கு வந்து இறங்கியது அவர்களுடைய வீட்டில்தான். அந்த வீட்டில் இருந்துதான் படித்தேன். அத்தான் அப்போது பகலில் யார்டில் வாகனம் கழுவினார், மாலையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். கழுவுகிறவராக இருந்தவரை யார்டில் சுடுதண்ணீர் ஹீற்றர் பார்க்கும் வேலைக்கு மாற்றியதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வேறு யாருக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை. சரளைக் கல்லில் சரிந்து படுத்துக்கொண்டு செய்யவேண்டும். மூடியைத் தவறாகக் கழற்றினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அத்தானுக்கு மட்டும் அது பிடித்திருந்தது.

"வெளியிலை எவ்வளவு பளபளப்பெண்டாலும், உதைத் திறந்தாத்தான் ஆக்கள் வாகனத்தை எப்பிடி வைச்சிருக்கினம் எண்டு தெரியும்," என்பார்.

போன வருடத்துக்கு முதல் வருடம் அவருடைய கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் போய், திரும்பி வந்து, மறுபடி போனது. இந்த வருடம் பனி கரையும் நேரத்தில், இந்த மருந்து இனிக் கேட்காது, இதைவிடக் கடுமையான ஒன்றைத் தொடங்கவேண்டும் என்று சொன்னார்கள். இரண்டு மருந்துக்கும் இடையில் உடம்பு தேறுவதற்குச் சில வாரங்கள் விடுவார்களாம். அந்தக் கடுமையான மருந்தால் என்ன நடக்கும் என்று அத்தான் கேட்டபோது டொக்டர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அந்தச் சில வாரங்களுக்குள் அக்காவையும் கூட்டிக்கொண்டு கேப் பிரிட்டனுக்குப் போய் வரலாமா என்று கேட்டார்.

டொக்டர் இளம்பெண். சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தார். நிபந்தனைகள் இருந்தன. அத்தானின் உடம்பில் கிருமியோடு சண்டை போட ஆள் இல்லை. காய்ச்சல் வந்தால் அந்த நிமிடமே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சமைக்காதது, காய்ச்சாதது எதுவும் வாயில் வைக்கக்கூடாது. முகாம் இடங்களில் எல்லோரும் குளிக்கும் அறைகளில் குளிக்கக்கூடாது. தேங்கி நின்ற தண்ணீர் உடம்பில் படவே கூடாது.

"தண்ணி என்ரை வேலை, டொக்டர்," என்று அத்தான் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாராம். மகள் அட்சயா பக்கத்தில் இருந்தாள். அவள்தான் எனக்குச் சொன்னாள்.

யார்டின் பின்மூலையில் யாரும் தேடாமல் நின்ற ஒரு பழைய மோட்டார் ஹோமை விலைக்கு வாங்கி, வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த தங்கள் வீட்டின் ட்ரைவ்வேயில், வாசலுக்கு முன்னால் நிறுத்தினார். முன்யன்னலுக்கு வெளிச்சம் வராமல் போய்விட்டது.

"வீட்டுக்கு முன்னாலை ஆனை கட்டின மாதிரிக் கிடக்கு," என்றார் அக்கா.

"ஆனைக்காரியாப் போகப்போறீர், பேசாமல் இரும்."

அவரால் படுத்து எழும்ப முடியாது. ஆகவே சனிக்கிழமை நான் இப்போது வசிக்கும் மிசிசாகாவிலிருந்து போனேன். அவர் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு பிளாஸ்ரிக் முக்காலியில் இருந்தார். நான் கீழே குந்தியிருந்தேன்.

"முதல் காஸை நிப்பாட்டு. கரண்டையும் நிப்பாட்டு. பிறகு உள்ளை போய்ச் சுடுதண்ணிப் பைப்பைத் திற, உள்ளை நிக்கிற காத்துப் போகட்டும். அதுக்குப் பிறகுதான் அந்த மூடியிலை கை வைக்கிறது. ஒபிஸ் வேலை மாதிரி அந்தரப்படாதை மச்சான், முகம் வெந்து போகும்."

"வெந்தால் என்ன, உங்களை மாதிரி முகக்கவசத்தைப் போட்டு மறைச்சுவிடலாம்."

"உன்ரை முகத்துக்கு அது நல்லதுதான்."

வாகனத்தின் பக்கவாட்டில், சிறிய இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தது ஹீற்றர். ஒரு பெரிய பானை அளவு தாங்கி, அவ்வளவுதான். அடியில் இருந்த மூடியைக் கழற்றியதும் பழுப்பு நிறத் தண்ணீர் கொட்டியது. பின்னால் சுண்ணாம்புச் செதில்கள் கலகலவென்று வந்தன. மூடியோடு சேர்ந்து உள்ளே நிற்கும் மக்னீசியத் தண்டில் நடுக்கம்பி மாத்திரம்தான் மிச்சம். தண்ணீரில் இருக்கும் அரிப்பு தாங்கியைத் தின்னாமல் தண்டைத் தின்னட்டும் என்று வைப்பது அது. தேய்ந்ததும் மாற்றிவிடவேண்டும். பழைய சொந்தக்காரர் மாற்றவே இல்லை.

தேத்தண்ணியோடு வந்த அக்கா அதைப் பார்த்தார். "இதென்ன, உங்களை மாதிரியே வத்திப்போச்சு."

அத்தான் சிரிக்கத் தொடங்கி, இருமலில் முடித்தார். அக்காவின் முகம் மாறியது. "சும்மா பகிடிக்குச் சொன்னனான்," என்று அவர் முதுகைத் தடவினார்.

ஹோஸ் பைப்பில் மெல்லிய குழாயைப் பொருத்தி, தாங்கியின் உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றி அடித்தேன். செதில் வருவது நின்றபின் வினாகிரி விட்டு, சூடாக்கி, ஊறவிட்டு, மறுபடி வடித்தோம். காஸ் எரிகிற குழலுக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது. அதைக் கம்பியால் இழுத்து எடுத்தேன். வினாகிரியின் வாடை துளியும் இல்லாமல் போகும்வரை கழுவச் சொன்னார். அது இருக்கும்போது கிருமி கொல்லும் பிளீச் பட்டால் நச்சுப்புகை வருமாம். பிறகு புதுத் தண்டு பூட்டி, தண்ணீர் சேமிக்கும் பெரிய தாங்கிக்குள் அளந்து பிளீச் விட்டு, எல்லாப் பைப்பிலும் அந்த மணம் வரும்வரை திறந்து, மறுநாள் வரை விட்டோம். மறுநாளும் வந்து கழுவினேன். அவர் வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்து, வெயிலில் வைத்துப் பார்த்தார். முகக்கவசத்தை இறக்கி மணந்தார்.

"இப்ப பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டலாம்," என்றார்.

இந்த அளவோடு அவர்கள் புறப்பட்டிருக்கலாம். ஆனால் இரத்தப் பரிசோதனையின் முடிவு வரவேண்டியிருந்தது. புது வாகனத்துக்குப் பூசை செய்யாமல் ஏறமாட்டேன் என்று அக்காவும் நின்றார். 'இது பழைய வாகனம்' என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். 'எங்களுக்குப் புதுசுதானே' என்றார் அக்கா.

பிள்ளையார் கோயிலின் கார்த் தரிப்பிடத்தில் ஐயர் வந்து கண்ணாடியில் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்தார். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, அத்தானை மெல்ல ஓட்டி நசிக்கச் சொன்னார். அத்தான் ஒரு பையனைப்போல உசாராக ஓட்டினார். அன்றைய அபிஷேகத்துக்கு அக்கா பணம் கட்டியிருந்தார். பாலும் தேனும் இளநீரும் சந்தனமும் சேர்ந்து வழிந்த தீர்த்தத்தை ஒரு பெரிய சோடாப் போத்தில் நிறைய வாங்கிக்கொண்டு வந்தார். அறுகம்புல் அதில் மிதந்தது.

"ஒரு மிடறு குடியுங்கோ."

"பாலேஸ், உது பச்சைப்பால். வேண்டாமெண்டு சொல்லியிருக்கினம்."

"பிள்ளையாற்றை தீர்த்தத்திலை கிருமியோ?"

"பிள்ளையாரிட்டை இல்லையப்பா. பாலிலை."

"நாக்கிலை தொட்டு வைச்சாலும் போதும்."

"எனக்கு இந்தப் பயணம் போகவேணும்," என்றார் அத்தான். "வந்து குடிக்கிறன். வாளியோடை குடிக்கிறன்."

அக்கா போத்திலைச் சேலைத்தலைப்பால் மூடி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீடு வரும்வரை போத்திலை விட்டுக் கையை எடுக்கவில்லை. அவருடைய பக்கத்தையும் சொல்லவேண்டும். ஒன்றரை வருடமாக வைத்தியசாலை அத்தானுக்குக் கொடுத்த எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தன் கையால் கொடுக்க முடிந்தது இந்த ஒன்றுதான். அதையும் அத்தான் வாங்கவில்லை.

அடுத்து வந்த நாட்கள் நல்ல வெயில். அத்தான் வீட்டுக் குளியலறையை விட்டுவிட்டு வாகனத்துக்குள் போய்க் குளித்தார். அந்தச் சின்ன அறைக்குள் முழங்கை முட்டாமல் குளிக்கப் பழகவேண்டும் என்றார். கடும் சூடான தண்ணீரை அவருடைய தோல் தாங்காது. ஆகவே ஹீற்றரைச் சற்று நேரம் போட்டு நிற்பாட்டி, வெதுவெதுப்பில் குளித்தார். தொலைபேசியில் அதைப்பற்றியே கதைத்தார். யன்னலைத் திறந்துவைத்துக் குளித்தால் பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் தெரிகிறதாம். அதற்குப் பதிலாகக் கடல் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார்.

பரிசோதனை முடிவு நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புறப்படலாம் என்று ஆயிற்று. வெள்ளிக்கிழமை அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"தண்ணி மணக்குது மச்சான். ஒருக்கா வந்துட்டுப் போ."

முதலில் அவர் புதுத் தண்டைத்தான் சந்தேகித்தார். சில தண்ணீருக்கு அது கூழ்முட்டை மணத்தைக் கொடுக்குமாம். கழற்றிப் பார்த்தோம், தண்டில் ஒன்றுமில்லை. மணமும் கூழ்முட்டை மணமில்லை. புளித்த மணம். தாங்கியிலிருந்து தண்ணீரை இழுக்கும் பம்புக்கு முன்னால் ஒரு சிறிய வலை வடி இருக்கிறது. அதைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். மஞ்சளாய், வழுவழுவென்று, மோரில் ஏடு பிடித்ததுபோல ஏதோ வலையில் அப்பியிருந்தது. அதற்குள் ஒரு பச்சை நார்.

அத்தான் கையுறையைக் கழற்றிவிட்டு அந்த நாரை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். அறுகம்புல். வலையை மணந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். புளிப்புக்கு அடியில் சந்தனம் மணத்தது.

அந்த நேரம் அக்கா வாசற்படியில் வந்து நின்றார். பூசைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

"எப்பிடி, குளிக்க உடம்புக்குச் சுகமாயிருக்கோ?"

அத்தான் வலையைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"கோவிக்காதையுங்கோ," என்றார் அக்கா. "நீங்கள் குடிக்கமாட்டன் எண்டிட்டியள். குளிக்கிற தண்ணியாலையாவது உடம்பிலை படட்டும் எண்டு, தண்ணி நிரப்புற அந்த வெளிமூடியைத் திறந்து அண்டைக்கே முழுக்க ஊத்திவிட்டனான். வாய்க்குள்ளை ஒண்டும் போகேல்லைத்தானே."

நான் வாயைத் திறந்தேன். அத்தான் முழங்காலால் என் தோளில் இடித்தார்.

"நல்ல சுகமாயிருக்கு பாலேஸ்," என்றார். "நான் ஏனெண்டு யோசிச்சனான்."

அக்கா உள்ளே போனபின் எனக்குக் கோபம் வந்தது. "சொல்லுங்கோ அத்தான். இல்லாட்டி வழியிலை ஒரு கோயிலைக் கண்டால் திரும்பவும் ஊத்துவா."

"வெளிமூடிக்குப் பூட்டு இருக்கு. திறப்பை நான் வைச்சிருக்கிறன்."

"இத்தினை நாளும் குளிச்சிருக்கிறியள்."

"ஓம். குளிச்சாச்சு. இனிச் சொன்னா அந்தத் தண்ணி என்ரை உடம்பாலை வெளியிலை வருமோ? அவவின்ரை நித்திரைதான் போகும்." வலையை என் கையில் தந்துவிட்டு, "வினாகிரி கிடக்கோ? முதல்லை இருந்து தொடங்குவம்," என்றார்.

மறுபடி எல்லாம் செய்தோம். இந்த முறை அவர் முக்காலியில் இருக்கவில்லை. நான் தடுத்தும் கேளாமல் சரளையில் சரிந்து படுத்து, தாங்கிக்குள் தானே குழாயை விட்டு அடித்தார். பகிடி ஒன்றும் வரவில்லை. ஹீற்றர் கோளாறு, தண்டு பிழை என்று அக்காவுக்குச் சொன்னார். "இத்தினை வருசமா உதைத்தானே செய்யிறியள், சொந்த வாகனத்துக்குப் பிழையாப் பூட்டிட்டியளோ?" என்று அக்கா கேட்டார். "ஓமப்பா, வயசு போட்டுது," என்றார்.

ஞாயிறு காலை வழியனுப்பப் போனேன். அக்கா பானையும் சட்டியும் மிளகாய்த்தூளும் ஏற்றி முடித்து, சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் மடியில் கைகளை வைத்துக்கொண்டு இருந்தார். புதுச் சப்பாத்துப் போட்டிருந்தார். அத்தான் சாரதி இருக்கையில். வெயிலுக்குள் அவர் தடித்த ஜாக்கெட்டை ஏன் போட்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கண்ணாடி வழியாகக் கை கொடுத்தபோது விளங்கியது. கை கொதித்தது. பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. காய்ச்சல் பார்க்கும் கருவி அவருடைய தொடைக்குக் கீழே இருந்தது.

"வெளிக்கிடுவம் மச்சான்," என்றார் மெதுவாக. "வழியிலை குறைஞ்சிடும்."

நான் கதவைத் திறந்து வாகனத் திறப்பை இழுத்தெடுத்தேன். அவர் தடுக்கவில்லை. தடுக்கிற பலம் இல்லை.

"என்னடா? என்ன நடந்தது?" என்று அக்கா கேட்டார். சொன்னேன். அவர் இறங்கி, அடுப்பை நிற்பாட்டியாச்சா என்று பார்க்க வீட்டுக்குள் போனார். என்ன செய்வதென்று தெரியாமல்தான் போனார்.

என் காரில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். நுரையீரல் இரண்டிலும் கிருமி பிடித்திருந்தது. அட்சயா வந்து சேர்ந்தாள். ஒரு டொக்டர் வந்து கேள்வி கேட்டார். வெளியில் சாப்பிட்டாரா, மண் கிண்டினாரா, குளம் ஏரியில் இறங்கினாரா, தேங்கின தண்ணீர் எதிலும் குளித்தாரா.

அக்காவுக்கு 'வோட்டர்' என்பது விளங்கிவிட்டது. "அட்சயா, சொல்லு பிள்ளை, அந்த வாகனத்துத் தண்ணியிலைதான் குளிச்சவர், அதுக்குள்ளை நான்..."

"ஹோஸ்," என்றார் அத்தான். ஒட்சிசன் முகமூடியைக் கையால் விலக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் டொக்டரிடம் சொன்னார். "தோட்டத்து ஹோஸ் பைப்பில் வாய் வைத்துக் குடித்தேன். பல நாள். ஹீற்றர் கழுவும்போது."

"அப்பா! சீரியஸ்லி?" என்றாள் அட்சயா. "யூ, ஒஃப் ஓல் பீப்பிள்? நீங்களோ இப்பிடி?"

"என்னவாம்? என்னவாம் சொல்லுறார்?"

அட்சயா தமிழில் சொன்னாள். அக்கா கட்டிலை நோக்கித் திரும்பினார். "சின்னப்பிள்ளையோ நீங்கள், ஹோஸ் பைப்பிலை வாய் வைக்க? வெயிலுக்குள்ளை கிடந்து அவிஞ்ச தண்ணி! கோயில் தீர்த்தம் கிருமி, அந்த ஊத்தைப் பைப் கிருமியில்லையோ?"

"பிழைதான்," என்றார் அத்தான். "பிழை விட்டிட்டன்."

டொக்டர் எழுதிக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் போய், வாகனத் தாங்கியில் என்ன இருந்தது என்பதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் மருந்து பிழையாகிவிடுமோ என்ற பயம். எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் மருந்து கொடுத்திருக்கிறோம் என்றார். எதில் இருந்து வந்தது என்று இவருடைய நிலையில் நிச்சயமாகச் சொல்ல முடியாது, காற்றில் இருந்தும் வரலாம் என்றார். அத்தானிடம் இதைச் சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹோஸ் எண்டே இருக்கட்டும்," என்றார். நான் விளங்கிக்கொள்ளக்கூடியதாக அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அது. அதன்பின் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். கடுமையான மருந்தைத் தொடங்குவதற்கு என்று குறித்திருந்த வாரத்தில் அவரை எரித்தோம்.

மோட்டார் ஹோம் இன்னும் ட்ரைவ்வேயில் நிற்கிறது. குளிர் தொடங்குமுன் நான் போய்த் தண்ணீரை வடித்து, இளஞ்சிவப்புத் திரவம் விட்டேன். உள்ளே அலுமாரியில் மிளகாய்த்தூள் அப்படியே இருந்தது. விற்கலாமா என்று அக்காவிடம் கேட்கத் துணிவு வரவில்லை.

துக்கம் விசாரிக்க இப்போதும் யாராவது வருகிறார்கள். எல்லோருக்கும் அக்கா ஒரே கதையைத்தான் சொல்கிறார். கடல் காட்டுகிறேன் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு வாய் ஹோஸ் தண்ணீருக்காக அதைக் கெடுத்துப்போட்டார் என்று. சொல்லும்போது அழுகையைவிடக் கோபம்தான் தெரிகிறது. வந்தவர்கள் 'ஆம்பிளையள் சொன்னாக் கேக்கமாட்டினம்' என்று தலையாட்டுகிறார்கள். தன் வேலையில் ஒரு சொட்டு அழுக்கை விட்டுவைக்காத மனிதனைக் கவலையீனமானவன் என்று பேசிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போகிறார்கள். நான் கப்புகளை எடுத்துவைக்கிறேன்.

இன்று மாலை வந்தவர்கள் போனபின் அக்கா என்னிடம் கேட்டார்.

"நீயும்தானே பக்கத்திலை நிண்டனி. ஏனடா மறிக்கேல்லை?"

"சரியான தாகமெண்டவர் அக்கா."

"தாகமெண்டால் என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. உள்ளைதானே நிண்டனான். கொதிக்கவைச்சு ஆத்தின தண்ணி போத்தில் போத்திலா வைச்சிருந்தன்." சேலைத்தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "ஒரு குரல் குடுத்திருக்கலாம்."

"ஓம் அக்கா," என்றேன். "குடுத்திருக்கலாம்."